வெண்மணியை எழுதியவர்கள்: ஒரு குற்ற வழக்கு ஏட்டில் ஏறிய விதம்

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலுள்ள கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில், விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஓடித் தப்ப முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு கூரைக் குடிசைக்குள் போய் ஒளிந்துகொண்டனர். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. உள்ளே இருந்த 44 பேர் எரிந்து இறந்தனர். நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரான மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவை முதல் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவராகக் கொண்டு 23 பேர் மீது வழக்கு நடந்தது. நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் அவர் உள்ளிட்ட எட்டுப் பேருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் 1990இல் அந்த விடுதலையை உறுதிசெய்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1980 டிசம்பரில், கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்.

வழக்கின் எலும்புக்கூடு இவ்வளவுதான். இதன்மேல் சதை வைத்தவர்கள் பலர். நாளேட்டுச் செய்தியாளர்கள், கட்சிக்காரர்கள், நீதிபதிகள், நாவலாசிரியர்கள், ஆவணப்பட இயக்குநர்கள், ஆய்வாளர்கள், அண்மைக்காலமாகக் குற்றக்கதை சொல்லும் காணொளிக்காரர்கள் எனப் பட்டியல் நீளும். வெண்மணியில் என்ன நடந்தது என்று புதிதாகத் துப்புத் துலக்குவது இந்தக் கட்டுரையின் வேலை அன்று. ஒரு கொடுங்குற்றம் எழுத்தில் ஏறும்போது எந்தத் தகவல் நிற்கிறது, எது நழுவுகிறது, அந்த நழுவலில் எழுதுபவரின் சார்புக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதே நோக்கம். சார்பு இருப்பதைக் குறையாக நான் கருதவில்லை. பச்சைக் குழந்தைகள் எரிந்த இடத்தைப் பற்றி எழுதுபவர் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதினார் என்றால் அவர் எழுத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால், நாம் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு இடைஞ்சலான ஒரு தகவல் எதிரே வரும்போது அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எழுத்தின் நேர்மை தெரிந்துவிடும். வெண்மணி எழுத்துகளில் அப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு.

எண்ணிக்கை

முதலில் எண். நினைவிடக் கல்லில் இருப்பவை 44 பெயர்கள். ஆனால் நிகழ்வை அடுத்து வந்த நாளேட்டுச் செய்திகளிலும், தீர்ப்பை ஒட்டி 1973இல் வந்த ஆங்கிலக் கட்டுரைகளிலும் 42 என்ற எண்ணே பெரும்பாலும் காணப்படுகிறது. இன்றும் எழுதுபவர்களில் சிலர் 42 என்றும், பலர் 44 என்றும் எழுதுகிறார்கள். ஒரே கட்டுரையின் தலைப்பில் ஒன்றும் உள்ளே மற்றொன்றும் வந்ததையும் படித்திருக்கிறேன்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். எரிந்த குடிசைக்குள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி கிடந்த உடல்களை எண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பார்த்தால், முதல் நாள் கணக்கில் பிசகு வந்ததில் வியப்பில்லை. ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல், கைக்கு வந்த எண்ணை எடுத்து வைத்துவிட்டுப் போவது வேறு. 42 என்பது போலீஸ் கணக்கும் பத்திரிகைக் கணக்கும் ஆகும். 44 என்பது உறவினரும் தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கமும் பெயர் பெயராகச் சொல்லிச் சேர்த்த கணக்கு. இரண்டில் எதை எடுத்தாலும் யார் எண்ணியது என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். நான் 44ஐ எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் பெயர்கள் இருக்கின்றன. மற்றதற்குப் பின்னால் ஒரு தொகை மட்டுமே இருக்கிறது.

44க்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. 5 ஆண்கள், 16 பெண்கள், 23 குழந்தைகள் என்று ஒரு பகுப்பு வழங்குகிறது. 20 பெண்கள், 19 குழந்தைகள் என்று இன்னொன்றும் வழங்குகிறது. கூட்டினால் இரண்டும் 44தான். பருவ வயதுப் பெண்பிள்ளைகளை எந்தப் பக்கம் வைத்து எண்ணுவது என்பதில் இந்த வேறுபாடு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே இதை எழுதுகிறேன். குழந்தைகள் எண்ணிக்கை கூடினால் வாசகரின் நெஞ்சு கூடுதலாகப் பதறும் என்பதால் 23ஐத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. 19 குழந்தைகள் எரிந்தால் போதாதா?

இடத்தையும் காலத்தையும் பற்றிய பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வெண்மணியில் 1968இல்” என்று எழுதுகிறார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் 1991இல்தான் உருவானது. “தமிழ்நாடு அரசு” என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் 1969 ஜனவரி 14 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. நிகழ்வு நடந்த இரவில் இது சென்னை மாநிலம், முதலமைச்சர் அண்ணா. கிறிஸ்துமஸ் இரவு என்ற சொல்லை முதல் வரியிலேயே வைத்து ஒரு மதச் சாயலைப் பூசுகிறவர்களும் உண்டு. அந்தத் தேதிக்கும் அந்தத் தகராறுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அரைப்படி

வெண்மணி என்றதும் டெல்டாவில் யாரும் சொல்வது “அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதுக்காக எரிச்சுட்டாங்க” என்பதுதான். மேடையிலும் பாட்டிலும் இந்த ஒரு வரி நின்றுவிட்டது. அதில் உண்மை இருக்கிறது. அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டதும், மிராசுதார்கள் மறுத்து வெளியூர் ஆட்களை இறக்கியதும், அதனால் வயலுக்கு வயல் மோதல் மூண்டதும் நடந்தவையே. ஆனால் அரைப்படி என்று சிலரும் அரை லிட்டர் என்று சிலரும் எழுதுகிறார்கள். படியும் லிட்டரும் ஒரே அளவில்லை என்பது நெல் அளந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கலத்துக்கா, ஒரு நாள் வேலைக்கா என்று கேட்டால் பல கட்டுரைகளில் பதில் இருக்காது.

அளவைவிட முக்கியமான இன்னொன்று இந்த வரிக்குள் காணாமல் போகிறது. கூலித் தகராறோடு சேர்ந்தே சங்கத் தகராறும் நடந்தது. செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பக்கம் வந்துவிடும்படி தொழிலாளர்கள் நெருக்கப்பட்டார்கள். கூடுதல் நெல்லைக் கொடுத்துவிடுவது மிராசுதாருக்குப் பெரிய இழப்பாக இருந்திருக்காது. பண்ணையாளாக இருந்தவன் சங்கம் வைத்து நிமிர்ந்து நின்று பேசியதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது என்று அந்த வட்டாரத்துப் பழைய சங்கக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். “அரைப்படிக்காக” என்று எழுதும்போது இறந்தவர்கள் பசித்த வயிறுகளாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஓர் அமைப்பின் உறுப்பினர்களாகவும் உறுப்பினர் வீட்டாராகவும் இருந்தார்கள் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. பரிவோடு எழுதப்பட்ட எழுத்திலேயே நேரும் குறைப்பு இது.

கதையை எங்கிருந்து தொடங்குகிறார் என்பதிலும் எழுதுபவர் தன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறார். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய காலத்தில் தொடங்கினால் அது நீண்ட விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயம் ஆகிறது. 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கினால், சட்டம் வந்தும் மாறாத நிலவுறவின் கதை ஆகிறது. 1960களில் தஞ்சையில் நடந்த தீவிர வேளாண் திட்டத்தையும், ஏ.டி.டி. 27 போன்ற புது நெல் ரகங்களையும் வைத்துத் தொடங்கினால் விளைச்சல் கூடியபோது கூலியில் பங்கு கேட்டவர்களின் கதை ஆகிறது. டிசம்பர் 25 மாலையில் தொடங்கினால் அது ஒரு ஊர்ச் சண்டை ஆகிவிடுகிறது. அன்றைய நாளேடுகள் பெரும்பாலும் கடைசிப் புள்ளியில்தான் தொடங்கின. “கிசான்” தகராறு, இரு தரப்பு மோதல் என்ற சொற்களால் 44 சாவையும் மூடின. மோதல் என்றால் இரண்டு கையும் ஓங்க வேண்டும். குடிசைக்குள் தாழிட்டுக்கொண்ட கிழவிகள் யாரோடு மோதினார்கள் என்று அந்தச் செய்திகளைப் படிக்கும்போது கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையத்தை “வெண்மணிப் படுகொலை விசாரணை ஆணையம்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கீழத்தஞ்சையின் விவசாயக் கூலியையும் தொழிலாளர் பிரச்சினைகளையும் ஆராய்வதே அந்த ஆணையத்தின் வேலையாக இருந்தது. 1969இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அந்தத் திசையில் விளைந்தது. தீ வைத்தது யார் என்பது அதன் முன் வைக்கப்பட்ட கேள்வியே இல்லை. ஆணையம் உண்மையை மறைத்தது என்று கோபப்படுகிறவர்கள், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள்.

அன்று மாலை இறந்த இன்னொருவர்

இந்த வழக்கில் எழுதுபவரை உண்மையாகவே சோதிக்கும் தகவல் ஒன்று உண்டு. அன்று மாலை, குடிசை எரிவதற்கு முன்பே, ஓர் உயிர் போயிருந்தது. சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பிடித்து வைக்கப்பட்டதாகச் செய்தி பரவி, தெருவார் திரண்டு போய் மீட்டார்கள். அதை ஒட்டி நடந்த கைகலப்பில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தார். அந்தச் சாவுக்குத் தனி வழக்குப் பதிவானது. அதில் விவசாயத் தொழிலாளர்கள் எதிரிகளாக நிறுத்தப்பட்டுத் தண்டனையும் பெற்றார்கள்.

தொழிலாளர் பக்கம் நின்று எழுதப்பட்டவற்றில் பல இந்த மனிதரை விட்டுவிடுகின்றன, அல்லது “ஓர் அடியாள்” என்று அரை வரியில் கடந்துவிடுகின்றன. ஏன் விடுகிறார்கள் என்பது புரிகிறது. இந்தச் சாவைச் சொன்னால், அடுத்து நடந்தது பழிக்குப் பழி என்று ஆகிவிடுமோ, 44 பேரின் சாவும் ஒருவரின் சாவும் ஒரே தராசில் ஏறிவிடுமோ என்ற அச்சம்தான். மிராசுதார் தரப்புக் கதைகள் அதைத்தான் செய்தன என்பதால் அந்த அச்சத்தை வீண் என்று சொல்ல முடியாது. ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்ற சமாதானம் அந்த ஒரு சாவின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆனால் விட்டுவிடுவதால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலாவதாக, தெருவில் ஏன் இளவட்ட ஆண்கள் இல்லை, ஏன் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் மட்டும் அகப்பட்டார்கள் என்ற கேள்விக்கு விடை தெளிவில்லாமல் போகிறது. மாலையில் ஒரு கொலை விழுந்த பிறகு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்து, தாக்கப்படுவோம் என்று அஞ்சிய ஆண்கள் சிதறி ஓடினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை பொய்த்துப்போனதுதான் இந்த இரவின் மிகக் கொடிய பகுதி. மாலைச் சாவை நீக்கிவிட்டால் அதுவும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. இரண்டாவதாக, அந்த வழக்கில் சிறைக்குப் போன தொழிலாளர்கள் எழுத்திலிருந்தே மறைகிறார்கள். வீட்டார் எரிந்துபோக, தாமும் கொலைக் குற்றவாளியாகச் சிறையில் இருந்த மனிதர்களின் கதை அது. ஒரே நாளின் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால், தொழிலாளர்கள் மீதான வழக்கில் தண்டனை நிலைத்ததும் மிராசுதார்கள் மீதான வழக்கில் நிலைக்காததும் தானாகவே பேசும். பரிவின் பேரால் அந்தச் சாவை நீக்கியவர்கள் தங்கள் வாதத்தின் வலுவான சான்றையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று. இறந்தவர் எந்தத் தரப்பானாலும் அவருக்கும் ஒரு வீடு இருந்தது. அதை ஒரு வரியில் சொல்வதால் மற்ற 44 பேருக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

தீர்ப்பு என்ற எழுத்து

குற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நீதிமன்ற ஆவணத்தைக் கண்டதும் நிம்மதி அடைகிறார்கள். ஊர்ப்பேச்சு, கட்சிப் பிரசுரம், நாவல் எல்லாம் சார்புடையவை, தீர்ப்பு மட்டும் நடந்ததைச் சொல்லும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் நிற்காது.

அந்தத் தீர்ப்பில் பலராலும் எடுத்துக்காட்டப்படும் பகுதியின் சாரம் இது: குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏராளமான நிலம் உடைய செல்வர்கள். முதல் எதிரியிடம் கார் இருந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள், வேலையாட்களின் துணை இல்லாமல், தாங்களே நேரில் நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம்.

இதை வரி வரியாகப் பிரித்தால், ஒரு மனிதர் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார் என்பதும் கார் வைத்திருக்கிறாரா என்பதும் அவர் அன்றிரவு எங்கே இருந்தார் என்ற கேள்விக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பது தெரியும். சமூகத்தைப் பற்றித் தீர்ப்பை எழுதியவர்களுக்கு ஏற்கெனவே இருந்த ஒரு படிமம், பெரிய மனிதர் தம் கையால் இத்தகைய வேலையைச் செய்ய மாட்டார் என்ற நம்பிக்கை, சாட்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்தவர்களும் சாணிப்பால் புகட்டியவர்களும் இருந்த வரலாறு தெரிந்தவருக்கு அந்த நம்பிக்கை எளிதில் வந்திருக்காது. எழுதியவர்களின் நடையோ அமைதியானது. ஆத்திரமோ அடைமொழியோ அதில் கிடையாது. அதனால்தான் சார்பு கண்ணில் படாமல் போகிறது. “கொடுங்கோலன்” என்று எழுதும் கட்சிப் பிரசுரத்தில் வாசகர் உடனே உஷாராகிவிடுகிறார். “நம்புவது கடினம்” என்று எழுதும் தீர்ப்பில் உஷாராவதில்லை.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். “கார் வைத்திருப்பவர்கள் நடந்துபோய்த் தீ வைக்க மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தார்கள்” என்று மேடைகளில் கேட்கிறோம். மேற்கோள் குறிக்குள் போட்டு அச்சிட்டும் இருக்கிறார்கள். தீர்ப்பில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. நிலம், கார், நடந்து செல்வது, வேலையாட்கள் என்ற நான்கையும் சேர்த்து நெய்த ஒரு வாதம் அங்கே இருந்தது. அதைச் சுருக்கியவர்கள் கேலிக்கு வசதியான வடிவத்தைக் கொடுத்தார்கள். மேலும், விடுதலைக்கு அது ஒன்று மட்டுமே காரணம் இல்லை. கண்ணால் கண்ட சாட்சிகள் எதிரிகளை அடையாளம் காட்டியதை நம்ப முடியாது என்ற வகையில் சாட்சியங்களில் கண்ட முரண்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இரவில், தீயின் வெளிச்சத்தில், உயிர்ப் பயத்தோடு ஓடியவர்கள் சொன்னதில் முரண் வராமல் இருக்குமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு அந்தப் பகுதியும் தீர்ப்பில் இருந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்து ஐம்பது ஆண்டுகளாகச் சிரிப்பதில், மற்றப் பக்கங்களை மறுக்கும் கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதும்போது சொல்லைக் கையாள்வதிலும் இங்கே ஒரு நெருக்கடி வருகிறது. சட்டத்தின் முன் 23 பேரும் குற்றமற்றவர்கள். குடிசைக்குத் தீ வைத்த குற்றத்துக்காக இன்று தண்டனை பெற்றவராக ஏட்டில் ஒருவரும் இல்லை. “கொலைகாரன்” என்று எழுதுபவர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளாத ஒன்றை உறுதியாகச் சொல்கிறார். “குற்றம் சாட்டப்பட்டார்” என்று மட்டும் எழுதுபவரோ, அமர்வு நீதிமன்றம் சாட்சிகளை நேரில் பார்த்துக் கேட்டுத் தண்டித்ததை மறைக்கிறார். என் வழி இது: முதல் நீதிமன்றம் தண்டித்தது, மேல் நீதிமன்றம் இன்ன காரணம் சொல்லி விடுவித்தது, அந்தக் காரணத்தில் இன்ன குறை இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்து எழுதிவிடுவது. வாக்கியம் நீளும், நீளட்டும்.

நாவலும் ஒரு கைப்பிரதியும்

வெண்மணியை வைத்து எழுதப்பட்ட புனைவுகளில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ பரவலாக அறியப்பட்டது. 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் வரும் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய பாலியல் இயலாமை உளவியல் காரணமாக வைக்கப்பட்டிருக்கிறது. வெளிவந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். வர்க்கமும் சாதியும் செய்த குற்றத்தை ஒரு தனிமனிதனின் உடற்குறைக்குள் அடைத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம்.

புனைவுக்கு உரிமை உண்டு, அது வழக்கறிக்கை இல்லை என்பதை ஏற்கிறேன். சிக்கல் பின்னால் வந்தது. நாவலைப் படித்தவர்களும் படிக்காமல் கேள்விப்பட்டவர்களும் அந்தக் கற்பனைக் காரணத்தை நிஜ மனிதர் மீது ஏற்றிப் பேசத் தொடங்கினார்கள். “நாயுடுவுக்கு அப்படி ஒரு குறையாமே” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கதாபாத்திரத்துக்கு எழுத்தாளர் கொடுத்த குறை அது. பெயரிலும் ஊரிலும் சூழலிலும் உண்மைக்கு மிக அருகில் வைத்து எழுதும்போது கற்பனை எங்கே தொடங்குகிறது என்ற வேலி இடிந்துபோகிறது. நாவலாசிரியர் இடிக்காவிட்டாலும் வாசகர் இடித்துவிடுகிறார்.

புனைவு என்று சொல்லாமலே புனைவது இன்றைய குற்ற எழுத்தில் பெருகிவிட்ட பழக்கம். நன்னிலம் பக்கத்து இளைஞர் ஒருவர் வெண்மணி பற்றி எழுதிய கைப்பிரதியைத் திருத்தக் கொடுத்திருந்தார். உழைத்து எழுதியிருந்தார், தேதிகள் சரியாக இருந்தன. நடுவில் இப்படி ஒரு வரி: “எரியும் குடிசையைப் பார்த்தபடி அவர் மீசையைத் தடவிக்கொண்டே மெல்லச் சிரித்தார், அவர் மனம் குளிர்ந்திருந்தது.”

“இதை யார் தம்பி பார்த்தது?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலை சார். காட்சியா இருக்கணும்னு எழுதினேன். படிக்கிறவங்களுக்கு ஒரு இது வேணும்ல?”

“மீசை இருந்துச்சா?”

சற்று யோசித்தார். “பண்ணையார்னா இருக்கும்ல சார்.”

பண்ணையார் என்றால் மீசை, மிராசு என்றால் சிரிப்பு, ஏழை என்றால் கும்பிட்ட கை என்று திரைப்படம் பழக்கிய உருவங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இளைஞருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இறந்தவர்களுக்காக அவர் உண்மையிலேயே கலங்கியிருந்தார். ஆனால் ஒருவர் மனத்துக்குள் புகுந்து “குளிர்ந்திருந்தது” என்று எழுதும் அந்த ஒரே வரி, முன்னும் பின்னும் சரிபார்த்து எழுதிய தேதிகளின் மீதும் சந்தேகத்தை வரவழைத்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஒரு சின்னப் பொய்யைப் பிடித்தால் போதும், மற்ற எல்லா உண்மையையும் அவர் அதை வைத்தே சாய்த்துவிடுவார். வெண்மணிச் சாட்சிகளுக்கு உயர் நீதிமன்றத்தில் நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான். அவர்களின் வழக்கை இன்று எழுதுகிறவர்கள் அதே பிடியை மறுபடி எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எந்தப் பெயரால் அழைப்பது

இறந்தவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில் எழுதுபவரின் அரசியல் வெளிப்படையாகத் தெரிகிறது. கம்யூனிஸ்ட் கட்சியினர் “விவசாயத் தொழிலாளர்” என்றார்கள், “தியாகிகள்” என்றார்கள். நீதிமன்றமும் நாளேடுகளும் “அரிசனங்கள்” என்றன. 1990களுக்குப் பிறகு வந்த எழுத்தில் “தலித்துகள்” என்ற சொல் முன்னுக்கு வந்தது, அதோடு, இதுவரை வர்க்கக் கதையாகச் சொல்லி சாதியை மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. இறந்தவர்கள் அனைவரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது தகவல். சங்கத்தில் இருந்த காரணத்தால் குறிவைக்கப்பட்டார்கள் என்பதும் தகவல். ஒன்றைச் சொல்லி மற்றதை விடும் கட்டுரை பாதிக் கட்டுரை. மிராசுதார் என்ற சொல்லும் அப்படித்தான், நிலத்தைச் சொல்லும், சாதியைச் சொல்லாது. நிகழ்வுக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்து நில விநியோகத்துக்காக உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் போன்ற சர்வோதய ஊழியர்களின் பார்வையில் எழுதப்பட்டவற்றில் தீ ஒரு பக்கத்தில் முடிந்து, மீதி முழுவதும் நிலம் பற்றியதாக இருக்கும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எழுதுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் வாசகர் ஏமாறுவதில்லை.

1980

கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டதை எழுதும் இடத்தில், இதுவரை நிதானமாக வந்த எழுத்துகளும் நடை மாறுகின்றன. “மக்கள் தீர்ப்பு”, “கணக்குத் தீர்ந்தது” என்ற சொற்கள் வருகின்றன. எரிந்த குடிசையைப் பற்றி நாற்பது பக்கம் சான்று தேடியவர், இந்தக் கொலைக்கு ஒரு பத்தி ஒதுக்கி, அதில் சான்று எதுவும் தராமல், யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை வீரக்கதை நடையில் சொல்லி முடிக்கிறார். அந்தக் கொலைக்கும் வழக்கு நடந்தது, எதிரிகள் இருந்தார்கள், அவர்கள் மீதான குற்றச்சாட்டுக்கும் அதே அளவு கவனம் தர வேண்டும் என்பது மறந்துபோகிறது. நீதி கிடைக்காதவர்களின் ஆறுதலை நான் குறை சொல்லவில்லை. தெருவில் வெடி வெடித்தார்கள் என்றால், வெடித்தார்கள் என்று எழுதலாம், யார் சொன்னது என்று சேர்த்து எழுதலாம். ஆனால் ஊரின் ஆறுதலை ஆசிரியர் தன் வாக்கியமாக்கிக்கொள்ளும்போது, 1973 தீர்ப்பில் நாம் கண்ட அதே வேலையைத்தான் அவரும் செய்கிறார்: முன்பே மனத்தில் இருந்த முடிவைச் சான்றின் இடத்தில் வைக்கிறார்.

பெயர்களைப் பற்றி ஒன்று மீதமிருக்கிறது. முதல் எதிரி ஒரு சங்கத்தின் தலைவர், பொதுவாழ்வில் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லாமல் இந்த வழக்கை எழுத முடியாது. மற்ற 22 பேரின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் ஆவணங்களில் இருக்கின்றன. சில வெளியீடுகள் முழுப் பட்டியலையும் அச்சிட்டிருக்கின்றன. அவர்களில் பலரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. பேரன் பேத்திகள் கீவளூர், தேவூர் பக்கத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாலைச் சாவு வழக்கில் தண்டனை பெற்ற தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள். விடுதலையானவர்களின் பட்டியலையும் தண்டனை பெற்றவர்களின் பட்டியலையும் நன்னிலத்து இளைஞரின் கைப்பிரதியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். இறந்த 44 பேரின் பெயரை மட்டும் முழுதாக, கல்லில் உள்ள எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்தும் மாறாமல், நேரில் போய்ப் பார்த்துச் சேர்க்கச் சொன்னேன்.